எழுத்துக்காரர் கேட்ட கடைசி அர்த்தம்

இது நடந்த கதை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். என் தலையில்தான், அதில் முடி இல்லாததால் அடி சுத்தமாக விழும்.

சரி, கொஞ்சம் நீட்டியிருப்பேன். நான் கல்லுக்கு மெருகு போடுகிறவன். கரடுமுரடாக வருகிற கல்லை, அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிற மாதிரி ஆக்கித் தருவது என் வேலை. கையில் கிடைத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. எங்கே நீட்டினாய் என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்வேன். கேட்காவிட்டால் எனக்கென்ன வந்தது.

இதைச் சொல்லும்படி ஆனது இன்று காலையில். எங்களுடையது கல்லறைத் தோட்டத்துக்கு எதிரில் இருக்கிற கல்பட்டறை. ஒருவர் வந்து, தன் அப்பா பிறப்பதற்கு எழுபது வருஷம் முன்பே இறந்துவிட்டதாகக் கல்லில் வெட்டியிருக்கிறது என்று கத்தினார். இரண்டு வருஷமும் இடம் மாறியிருந்தன. எழுத்து வெட்டுகிறவர் உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்த மனிதரே எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டி, "குடுத்ததை வெட்டினேன்" என்றார். தாளிலும் அப்படித்தான் இருந்தது. வந்தவர் தன் கையெழுத்தைத் தானே திட்டிக்கொண்டு போனார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம் ஆன கிரேன்காரருக்கு இது பொறுக்கவில்லை. டீ நேரத்தில், செத்த பிறகு ஒருவன் எப்படிப் பிறப்பான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா, இந்த ஆள் என்ன மரக்கட்டையா என்று ஆரம்பித்தார். டீ கொண்டுவரும் அக்கா கிளாஸ்களைக் கல்மேல் வரிசையாக வைத்துக்கொண்டே, "அவரா? அவரு கேக்கிறதை நிறுத்திட்டாருப்பா" என்றாள். கல் அறுக்கும் மெஷின்காரர் என்னைப் பார்த்தார். எழுத்துக்காரர் பட்டறையின் அந்தக் கோடியில், எங்களுக்கு முதுகு காட்டி வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. உளிச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்கும்.

நான் சொன்னேன்.

அந்த மனிதர் கேட்காத கேள்வி இந்தப் பட்டறையில் ஒரு காலத்தில் கிடையாது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷமாக இங்கிலீஷில் வெட்டுகிறார். எழுத்தெல்லாம் அவருக்கு உருவம்தான். ஒன்று இரண்டு பள்ளம், ஒன்று சீப்பு, ஒன்று மூலைமட்டம், ஒன்று கம்பம், ஒன்று காலால் உதைக்கிறவன். இப்படி இருபத்தாறுக்கும் பேர் வைத்திருந்தார். உருவம் தெரிந்தால் போதாதா? அவருக்குப் போதாது. வாடிக்கையாளர் தாளை நீட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்பார். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு அழுதபடி வந்தவரை நிற்கவைத்து, "இந்தச் சின்னச் சொல்லு என்னங்க?" என்று கேட்பார். வந்தவர் அழுகையை மறந்து யோசித்து, கடைசியில் எங்கள் பட்டறையிலிருந்து பரீட்சை எழுதிக் களைத்தவர் மாதிரி வெளியே போவார்.

அர்த்தம் தெரியாமல் வெட்ட மாட்டார். அதுவும் ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு மருமகன் காரணம். அவன் தன் மாமாவுக்குக் கல் கேட்டு வந்தான். தாளில் ஒரு நீள வரி. என்ன அர்த்தம் என்றதற்கு, "ஊருக்கே நிழலாக இருந்தவர்" என்றான். எங்கள் ஆள் உருகிப்போய் ஐந்து நாள் வெட்டினார். கல்லை நட்டதும் சொந்தக்காரர்கள் படித்துப் பார்த்தார்கள். மாமா உயிரோடு இருந்தபோது மத்தியானத்துக்கு முன்னால் எழுந்ததே இல்லை, இப்போது மத்தியானத்துக்கும் எழுவதில்லை என்று எழுதியிருந்தது. மருமகன் எப்போதோ காணாமல் போயிருந்தான். சிக்கினவர் எழுத்துக்காரர். மூன்று தெரு துரத்தினார்கள். தோட்டத்தில் படுத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து துரத்தலில் சேர்ந்துகொண்டதாகக் கேள்வி.

"அது நீட்டினது" என்றார் கிரேன்காரர்.

ஒப்புக்கொண்டேன். ஒருவர்தான் எழுந்தார்.

இரண்டு சாட்சிச் சட்டத்தில் ஒரு சாட்சி எப்போதும் வீட்டிலேயே இருந்தது. அவருடைய ஒரே மகள். அச்சாபீஸில் பிழை திருத்துகிற வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கான அகராதி அங்கேதான் அச்சாகிறது. சாயங்காலம் வேலை முடிந்து, அப்பாவைக் கூட்டிப்போக இந்த வழியாக வருவாள். அவர் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த தாள்களைக் காட்டுவார். அவள் நின்ற வாக்கிலேயே அர்த்தம் சொல்லி, வாடிக்கையாளர் தப்பாக எழுதியதையும் சரிசெய்துவிடுவாள். நான் அவளுக்குத் திருத்தம்மா என்று பேர் வைத்தேன். என்னைச் சித்தப்பா என்பாள். நான் ஆயிரம் கிலோ கல்லை ஒற்றை ஆளாகப் புரட்டினேன் என்று ஆரம்பித்தால், தாளிலிருந்து தலை தூக்காமல், "அறுபது கிலோ, சித்தப்பா. அதையும் ரெண்டு பேர் சேர்ந்து" என்பாள். அவள் இருந்தவரை என் கதைகள் பாதி நீளம்தான். இப்போது இப்படி நீட்டுகிறேன் என்றால், கையைப் பிடிக்க ஆள் இல்லை.

சிறுநீரகம் கெட்டுப்போனது. இருபத்தேழு வயசு. ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி, ஜன்னல் ஓரப் படுக்கை. இரண்டு மாதம் கிடந்தாள். அந்த இரண்டு மாதமும் மழைக்காலம். ஜன்னலில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. பெய்தாலும் போகாது, பெய்யாவிட்டாலும் போகாது. ஒரே சாம்பல் நிறம். நான் போகிற நாளெல்லாம், இந்த ஜன்னலில் இருப்பது கண்ணாடி என்றா நினைக்கிறாய், எவனோ சிமெண்ட் பூசிவிட்டான் என்று சொல்வேன். ஒரு தடவை சிரித்தாள். மறுபடி மறுபடி சொன்னதில் அப்புறம் சிரிக்கவில்லை.

ஒருநாள் அவள் ஒரு தாளைக் கொடுத்தாள். காய்ச்சல் எழுதுகிற அட்டவணையின் பின்பக்கம். நர்ஸிடம் தடித்த நீலப் பேனா வாங்கி, உள்ளங்கை உயரத்துக்கு ஆறு இங்கிலீஷ் எழுத்து எழுதியிருந்தாள். அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருந்தோம். அண்ணன் என்று நான் சொல்வது எழுத்துக்காரரைத்தான்.

"வெல்கின்" என்று படித்துக் காட்டினாள். "கல்லுக்கு அளவாவே எழுதியிருக்கேன்பா. பேரு, வருஷம் எல்லாம் நீ பார்த்துக்கோ. அடியில இது ஒண்ணு வேணும்."

"கல்லாவது ஒண்ணாவது. வாயை மூடிட்டுப் படு" என்றாள் அண்ணி.

"இது பழைய சொல்லு. கவிதையில மட்டும் வரும். புது அகராதியிலேர்ந்து இதைத் தூக்கிட்டாங்க. யாரும் புழங்கறதில்லையாம். கல்லுல இருந்தா யாராலயும் தூக்க முடியாதுல்ல?"

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். அழாமல் இருக்கவேண்டும் என்றால் அவருக்கு ஒரு வழிதான் தெரியும். கேள்வி கேட்டார்.

"அர்த்தம் என்ன?"

"சொல்ல மாட்டேன். ரெண்டு பேர்கிட்ட கேட்டுக்கோ. அதான உன் சட்டம்?"

நாளைக்கு மிரட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மறுநாள் அவளுக்கு நினைவு தப்பியது. நான்காம் நாள் போய்விட்டாள்.

அண்ணி அந்தத் தாளை மடிக்காமல், ஒரு பெரிய தகர டப்பாவில் படுக்கவைத்தாற்போல் வைத்தாள். மகளின் மற்ற எழுத்தெல்லாம் யாரோ எழுதிய பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் போட்ட குறிகள்தான். அவையும் அச்சானதும் குப்பைக்குப் போய்விடும். வீட்டில் மிஞ்சியது இந்த ஒன்று. தினமும் காலையில் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். என் வீட்டுக்காரி ஒருநாள் பார்த்திருக்கிறாள். அந்த உதைக்கிற எழுத்தின் கால் நீளமாகப் போய் அடுத்த கம்பத்துக்கு அடியில் நுழைந்திருக்குமாம். அண்ணி அந்தக் காலை மட்டும் விரலால் தடவுவாளாம்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. புதைத்து ஒரு வருஷத்துக்குள் எழுத்து வெட்டிய கல் நடவேண்டும். நடாவிட்டால் அந்த இடம் பட்டியலுக்குத் திரும்பிவிடும்; இன்னொருவரைப் புதைப்பார்கள். காவல்காரர் எந்நேரமும் அந்தப் பட்டியலோடுதான் திரிவார். கெட்டவர் இல்லை. ஐந்தாம் மாதமே வந்து, ஊருக்கெல்லாம் கல் வெட்டுகிற ஆளின் மகள் இப்படி வெறும் மண்ணாகக் கிடக்கலாமா என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அடுத்த வாரமே கறுங்கல் எடுத்தார். நான் மெருகு போட்டேன். என் ஆயுளில் அப்படி ஒரு மெருகு போட்டதில்லை. பட்டறைக்கு வந்த பூனை தன் முகத்தைப் பார்த்து எதிரி என்று பாய்ந்தது. இது நீட்டாதது. பேரும் வருஷமும் ஒரே நாளில் வெட்டினார். அடியில் இடம் காலியாக நின்றது.

எல்லோரும் சொன்னோம். உருவம் கையில் இருக்கிறது, வெட்டிவிடுங்கள், அர்த்தம் எப்போதாவது தெரியட்டும் என்று. நானே நாலு தடவை சொன்னேன். ஒருநாள் உளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் யாருக்கோ கேட்டு வெட்டினேன்டா. என் பொண்ணு தலைமாட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம வெட்டணுமா?"

அதற்கப்புறம் நான் சொல்லவில்லை.

அந்தச் சொல்லைத் தேடிப் போனார். புத்தகக் கடையில் அகராதி கேட்டார். அவளே பிழை திருத்திய அகராதியைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் அந்தச் சொல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கத்துச் சொற்களும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, இருமல் மருந்தாகத்தான் இருக்கும், இரண்டு ஸ்பூன், சாப்பாட்டுக்குப் பிறகு என்றார். ட்யூஷன் எடுக்கிற வாத்தியார் அப்படி ஒரு சொல் இங்கிலீஷிலேயே கிடையாது, இருந்தால் தனக்குத் தெரியாமல் இருக்காது என்று சொல்லிவிட்டார். பல் டாக்டரிடம் பேர் கூப்பிடுகிற பெண் மட்டும் கொஞ்சம் யோசித்து, கவிதையில் படித்த ஞாபகம், வானம் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றாள். அதை அவர் அரை சாட்சி என்று வைத்துக்கொண்டார்.

முதலில் போகவேண்டிய இடம் அச்சாபீஸ் என்று எந்த மடையனுக்கும் தெரியும். எனக்கே தெரிந்தது. ஆனால் அவர் அந்தத் தெருவுக்கே போவதில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் முந்தின நிறுத்தத்தில் இறங்கி, சுற்றுவழியில் நடந்து வருவார். ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அங்க அவ நாற்காலி இருக்கும்" என்றார். பதினோரு மாதம் ஊரில் மீதி எல்லாக் கதவையும் தட்டிவிட்டு, அந்த ஒரு கதவை விட்டுவைத்திருந்தார்.

வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அண்ணி பட்டறைக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும், நீங்கள் போகிறீர்களா, நான் போகட்டுமா என்று கேட்டாள். அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். என்னையும் கூப்பிட்டார்.

அச்சாபீஸில் பிழை திருத்துகிற அறை நீளமாக இருந்தது. ஜன்னலை ஒட்டி நாலு மேஜை. மூன்றில் ஆள் இருந்தார்கள். நாலாவது நாற்காலியில் தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அண்ணன் அதைப் பார்க்காமல் இருக்க, என் பக்கம் திரும்பி நின்றார். அங்கே எல்லோருக்கும் மேலே இருந்தவர் ஒரு அம்மா. தடித்த கண்ணாடி. வந்த காரணத்தை நான்தான் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய ரொம்ப நேரம் ஆனது.

"வானம்னு அர்த்தம்" என்றார். "பழைய கவிதைகள்ல, கூட்டம் சேர்ந்து கத்தினா வானமே அதிர்ந்துச்சுன்னு சொல்ல இந்தச் சொல்லைத்தான் போடுவாங்க."

அண்ணன் மெதுவாக, "இப்ப ஒண்ணரை சாட்சி ஆச்சும்மா. இன்னும் அரை வேணும்" என்றார். அவருடைய சட்டம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மகள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"உங்க பொண்ணையே சாட்சியா வச்சுக்குங்க. எங்கிட்ட சண்டை போட்டா. பக்கத்துல எட்டு வரி குறைக்கணும்னு இந்தச் சொல்லை நான்தான் அடிச்சேன். அவ ஓரத்துல, இருக்கட்டும்னு எழுதித் திருப்பி அனுப்பினா. நான் மறுபடி அடிச்சேன். அப்ப வந்து நின்னு சொன்னா. ஆயிரம் வருஷம் முன்னாடி இதுக்கு மேகம்னுதான் அர்த்தமாம். இங்கிலீஷ்காரங்களுக்குப் பக்கத்து நாட்டுப் பாஷையில இன்னிக்கும் மேகத்துக்கு இதோட கூடப் பொறந்த மாதிரி ஒரு சொல்லு இருக்கு. இங்கிலீஷ்காரங்க ஊர்ல எப்பப் பார்த்தாலும் மேகம். அண்ணாந்தா வேற ஒண்ணும் தெரியாது. கடைசில மேல இருக்கிறதுக்கே அந்தப் பேரு வந்துடுச்சுன்னு சொன்னா. இவ்வளவு காலம் நின்னு மேகத்துலேர்ந்து வானமான ஒரு சொல்லை எட்டு வரிக்காகத் தூக்குறீங்களேன்னு கேட்டா."

அந்தத் தாள் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அச்சானதும் எல்லாம் கூழாக்கப் போய்விடும் என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். அண்ணன் படியில் நின்று மேலே பார்த்தார். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது. ஒரு பொட்டு மேகம் கிடையாது. "ரெண்டு சாட்சி" என்றார்.

மறுநாள்தான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காவல்காரர் பட்டியலை மூடுவார். காலையில் அண்ணியிடம் தாளைக் கேட்டு வாங்கி வந்தார். பார்த்து எழுதிக்கொண்டு உடனே கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணி சொல்லி அனுப்பியிருக்கிறாள். மத்தியானம் தானே வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாளாம்.

இங்கே எங்கள் வேலை எப்படி என்று கிரேன்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்து வெட்டுவது தாள் வழியாகத்தான். எழுதின தாளை மைதாப் பசை தடவிக் கல்லில் ஒட்டுவோம். காய்ந்ததும் கோட்டின்மேல் உளி போகும். கல் உடைய உடையத் தாளும் பொடியாகும். வெட்டி முடித்தபின் தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்தால் ஒட்டியிருக்கிற மீதித் தாளும் கூழாகி ஓடிவிடும். வாடிக்கையாளர் தாள் அளவாக இருந்தால் அதையே ஒட்டுவோம். அளவு சரியில்லை என்றால்தான் வேறு தாளில் எழுதுவோம். முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

மகள் கல்லுக்கு அளவாக எழுதியிருந்தாள்.

அவர் கை அளவு பார்த்தது. சரியாக இருந்தது. ஒட்டிவிட்டது. அவர் ஒட்டவில்லை, கை ஒட்டியது. நான் அப்போது அந்தப் பக்கம் இருந்தேன்.

டீக்கடை அக்கா கிளாஸைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்? பசை கலக்கிக் குடுக்கிறது உன் வேலைதான?"

சரி. கேட்டால் ஒப்புக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். அது நீட்டினது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பசை நான்தான் கலக்கினேன். அவர் ஒட்டும்போது, பார்த்து எழுதின தாள் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தார். இரண்டு பள்ளம், சீப்பு, மூலைமட்டம். நாலாவது எழுத்தில் அந்த நீளக் கால் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீல மை அது. பின்பக்கத்து அட்டவணைக் கோடுகள் பசை ஈரத்தில் லேசாகத் தெரிந்தன. மூன்று எழுத்து போயிருந்தது. மூன்று எழுத்து இருந்தது.

அப்போதாவது கையைப் பிடித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து, வழக்கமான வாய், "திருத்தம்மாவே வந்து பார்த்தாலும் இதுல ஒரு பிழை கிடைக்காதுண்ணே" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அவர் சிரித்தார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அந்தக் காலை வெட்டினார். அந்த முகத்திடம் என்னத்தைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

வெட்டி முடிந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தாயிற்று. எழுத்து கறுப்பில் வெள்ளையாக எழுந்து நின்றது. அதே நேரம் அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள்.

கல்லைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கிட்டே வந்து அந்த நீளக் காலை விரலால் தொட்டாள். திரும்பி, "தாளு?" என்றாள்.

அப்போதுதான் அண்ணன் தன் கையைப் பார்த்தார். பிறகு கல்லுக்கு அடியில் இருந்த வாய்க்காலைப் பார்த்தார். கல்பொடியும் தண்ணீரும் தாள் கூழும் சேர்ந்து சேறாகத் தேங்கியிருந்தன. ஒரு ஓரத்தில் நீலம் லேசாகப் படிந்திருந்தது. அண்ணி தூக்கைத் தரையில் வைத்தாள். உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள்.

"எது கல்லு, எது காயிதம்? பிரிச்சுக் குடுங்க" என்றாள்.

பொடியைப் பார்த்தே எந்த மலைக் கல் என்று சொல்கிற மனிதர் அவர். குனிந்து சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணி யாரு ஊத்தினது? ஊத்தாம இருந்தா மீதியையாவது உரிச்சிருக்கலாமே."

"நான்தான்" என்றார்.

ஐந்து மணிக்குக் கால் மணி முன்னால் கல்லை நட்டோம். காவல்காரர் பட்டியலில் கோடு போட்டார். இடம் தப்பியது. அதன்பிறகு அந்த வீட்டில் சமையல் நடக்கிறது, துணி காய்கிறது, விளக்கு எரிகிறது, பேச்சு மட்டும் கிடையாது. இரண்டு வருஷம். அண்ணி காய்ந்த சேற்றை அந்த டப்பாவிலேயே வைத்திருக்கிறாள். அண்ணன் அர்த்தம் கேட்பதை நிறுத்திவிட்டார். எதைக் கொடுத்தாலும் வெட்டுகிறார். போன மாதம் நானே கேட்டேன், ஏன் அண்ணே இப்படி என்று. தலை நிமிராமல், "வந்தது மேகம்னுதான் நினைச்சேன். போயிடும்னு இருந்தேன். இப்ப அண்ணாந்தா அதுதான் இருக்கு" என்றார்.

இவ்வளவுதான் கதை என்று நான் டீயை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

கிரேன்காரர் முதலில் வாய் திறந்தார். தாள் போனால் என்ன, அந்தப் பெண் போட்ட கோட்டின்மேல்தானே உளி போயிருக்கிறது, அந்த நீளக் கால் அவள் கால்தானே, தாள் என்றால் பத்து வருஷத்தில் மங்கிப்போகும், கல்லில் இருப்பது அவள் கையெழுத்துதான் என்றார். அக்கா சீறினாள். கோடு அவளுடையதாக இருந்தால் போதுமா, அவள் கை அழுத்தினது தாளில்தானே, கல்லை அழுத்தினது அப்பன் கை, பெற்றவளுக்கு வித்தியாசம் தெரியாதா, கிரேன் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும் என்றாள். பாரம் தூக்குகிறவனுக்கும் மனசு உண்டு என்று அவர் குரலை உயர்த்தினார்.

அறுக்கும் மெஷின்காரர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கதையை என்னிடம் மூன்று தடவை கேட்டவர் அவர்.

"தண்ணி ஊத்தித் தேய்ச்சாச்சுன்னியே. யாரு தேய்ச்சா?"

நான் கிளாஸைப் பார்த்தேன்.

"போன தடவை அண்ணன்தான் ஊத்தினாருன்ன. அதுக்கு முந்தின தடவையும் அதேதான். வெட்டின கல்லைக் கழுவுறது மெருகு போடுறவன் வேலை. இந்தப் பட்டறையில எழுத்துக்காரர் வாளியைத் தொட்டு நான் பார்த்ததே இல்ல."

அதுவும் நீட்டினதுதான் என்றேன். நீட்டவில்லை, மாற்றினது.

"அப்ப ஊத்தினது நீ."

"நான்."

"அவ எழுதின தாளுன்னு தெரிஞ்சே ஊத்தின."

"ஊத்தாம நின்னா அவருக்குத் தெரிஞ்சுடும்னு ஊத்தினேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

ஆறின டீயை ஒரே மடக்காகக் குடித்தேன். அக்கா எழுந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஒருத்தி தன் புருஷனோடு பேசாமல் இருக்கிறாள், நீ இங்கே உட்கார்ந்து டீ குடித்துக் கதை விடுகிறாயா, இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். கிரேன்காரர் வழியை மறித்தார். அந்த மனிதரே சொல்லாததைச் சொல்ல நீ யார், சொன்னால் சேறு திரும்பத் தாளாகுமா என்றார். நட்பு என்று பார்த்து அவர் தாங்கிக்கொண்டால் அதற்காக இவன் தப்பித்துவிடலாமா என்று மெஷின்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். கிரேன்காரர் கையை உதறினார். கிளாஸ் ஒன்று கல்லிலிருந்து விழுந்து உடைந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி, "சும்மா இருங்க, அவருக்குக் கேட்கும்" என்று கத்தினேன். எல்லோரையும்விட என் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அந்தக் கோடியில் உளிச் சத்தம் நின்றுவிட்டது. இவர்கள் நிறுத்தவில்லை.